நாலு தசமதானத்தின் வரலாறு: வெட்டுப்புள்ளியும் படுவான்கரையும்

வெட்டுப்புள்ளி நாலு தசமதானத்தில் வரும். உயர்தரப் பெறுபேறு வந்து மாதங்கள் கழிந்தபிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஒரு அட்டவணையாக வெளியிடும். 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு எண், ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு எண். மட்டக்களப்பு என்ற பெயரில் விரலை வைத்து மருத்துவம், முகாமைத்துவம், கலை என்று நகர்த்திக்கொண்டு போகவேணும். அங்கே இருக்கிற எண்ணைவிட உங்கட இசட் புள்ளி பெரிசா சின்னதா, அவ்வளவுதான் கேள்வி. மூன்றாம் நாலாம் தசமதானத்தில் விடுபட்டவர் என்று ஊருக்கு ஒருவரையாவது காட்டுவார்கள்.

பெறுபேறு வருவதற்கு முந்தின காத்திருப்பு வேறு. அது எல்லாருக்கும் பொது, எப்படியும் ஒரு நாளில் முடியும். பெறுபேறு வந்த பிறகு வெட்டுப்புள்ளி வரும்வரைக்குமான காத்திருப்புத்தான் ஆளைத் தின்னுகிறது. கையில் ஒரு எண் இருக்கும், அதன் விலை தெரியாது. போன வருச வெட்டுப்புள்ளியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அதற்கு முந்தின வருசத்தையும் எடுப்போம். இறங்கியிருக்கு, அப்ப இந்த வருசமும் இறங்கும் என்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஏறும் என்பார். கோயிலில், கடையில், வட்டைக்குப் போகிற வழியில் ஒரே விசாரிப்பு: "என்ன புள்ள, கெம்பஸ் கிடைக்குமாமா?" "பாப்பம்" என்பதைத் தவிர வேற பதில் இல்லை. அதற்கிடையில் செகண்ட் ஷைக்குப் படிக்கத் தொடங்குவதா, சும்மா இருப்பதா என்று முடிவெடுக்கவேணும். பெடியனென்றால் வீட்டில் கட்டார் பேச்சு தொடங்கும், பிள்ளையென்றால் கலியாணப் பேச்சு.

நாங்கள் இதை விதி மாதிரித்தான் கதைக்கிறோம். "கிடைக்க இருந்தா கிடைக்கும்." ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பிறப்பு இருக்கு. அதை யாரோ ஒரு வருசத்தில் உண்டாக்கினார்கள், அதற்கு முந்தி வேறொரு அளவுகோல் இருந்தது, அதற்கும் முந்தி இன்னொன்று. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள் என்ற முறையில் அந்த அளவுகோல்களின் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதக் காரணமும் இருக்கு. 'தரப்படுத்தல்' என்ற ஒரு சொல்லை எங்கட அரசியல் மேடைகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல் வாவிக்கு மேற்கே இருக்கிற எங்களுக்கு என்ன செய்தது என்று யாரும் விரித்துச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக: வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். மேற்குக் கரை படுவான்கரை, சூரியன் படும் பக்கம். பழுகாமம் படுவான்கரையில், போரதீவுப்பற்றில் இருக்கு. திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு எழுவான்கரையே திரண்டு வரும். படிப்புக்கென்றால் போக்குவரத்து மறுபக்கமாக நடக்கும். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிக்குடிக்கு நாங்கள் போகவேணும்.

முதலில் கப்பல் காலம். 1880 இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை இலங்கைக்கு வந்தது, அதையொட்டி லண்டன் மெற்றிக்குலேசனும் வந்தது. கேள்வித்தாள் இங்கிலாந்தில் இருந்து வரும், விடைத்தாள் கப்பலேறித் திரும்பிப் போகும். யாரென்றே தெரியாத ஒருவர், இந்தத் தீவை ஒருநாளும் கண்டிராத ஒருவர், திருத்துவார். காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் என்ற பெடியன் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தியடைந்தான். அப்போது வயது 16. பிறகு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, 1920 இல் லண்டன் பீ.எஸ்.சி. லண்டன் பட்டத்துக்காக அவர் லண்டனுக்குப் போகவில்லை. இங்கே இருந்துகொண்டே வெளிவாரியாக எழுதினார். அவர்தான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

விபுலாநந்தரை நாங்கள் யாழ் நூலோடும் துறவோடும் சேர்த்துத்தான் படிக்கிறோம். தபால் கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு கிழக்கு மாகாணப் பரீட்சார்த்தியாக அவரை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த அளவுகோலில் ஒரு வசதி இருந்தது: திருத்துகிறவருக்கு நீங்கள் எந்தச் சாதி, எந்த மாவட்டம் என்று தெரியாது. அதே அளவுகோலின் அநியாயமும் தெளிவானது. ஆங்கிலம் தெரியாதவர் அந்தக் கப்பலில் ஒரு கடதாசியும் அனுப்பமுடியாது. 1900 களில் படுவான்கரையில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போவதென்றால் தோணியில்தான் போகவேணும்.

1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அங்கேயும் பட்டம் லண்டனுடையதுதான். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அது சின்ன இடம், ஆங்கில இடம். நுழைவுப் பரீட்சையையும் பல்கலைக்கழகமே நடத்தியது. இடத்துக்கும் ஆளுக்கும் பெரிய இடைவெளி இல்லாத காலம் அது. ஏனென்றால் வடிகட்டல் எல்லாம் கீழேயே, பாடசாலை மட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும். வாசலில் நெருக்கடி இல்லை, வாசலுக்கு வரவே வழி இல்லை.

வழியைத் திறந்தது இலவசக் கல்வி. கன்னங்கராவின் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது, கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழும்பின. எங்கட மாவட்டத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படி வந்தது. அங்கே படித்து 1960 களின் தொடக்கத்தில் பேராதனைக்குப் போனவர்களில் ஒருவர் பேராசிரியர் சி. மௌனகுரு. 1950 களில் தமிழும் சிங்களமும் இடைநிலைக் கல்வியின் மொழியாகி, 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பாடங்களையும் சொந்த மொழியில் படிக்கலாம் என்று வந்ததும் கதவடியில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். 60 களின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகத்தின் தனி நுழைவுப் பரீட்சை போய், பரீட்சைத் திணைக்களத்தின் உயர்தரப் பரீட்சையே நுழைவுப் பரீட்சையாகவும் ஆனது. இன்றைக்கு நாங்கள் காத்திருக்கிற முறையின் அத்திவாரம் அது: ஒரு பரீட்சை, ஒரு திணைக்களம், முழு நாடும் ஒரே வரிசையில்.

வரிசை ஒன்றாக இருந்தாலும் மொழி இரண்டு. அங்கேதான் பிரச்சினை வெடித்தது.

1970 இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. பொறியியலுக்குத் தெரிவானவர்களில் தமிழ் மாணவர் தொகை அதிகம் என்றும் தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 1971 அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளி வந்தது. மருத்துவத்துக்கு சிங்கள மொழிமூலம் 229, தமிழ் மொழிமூலம் 250. பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. கட்டுபெத்தை பொறியியலுக்கு 212, 232. கவனியுங்கள், அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டார்கள். பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் கோடு நகர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை எல்லாருக்கும் தெரியும். தமிழ் மாணவர் பேரவை, ஊர்வலங்கள், பிறகு ஆயுதம் வரைக்கும் போன பாதை. 1973 இல் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமப்படுத்துகிற தரப்படுத்தல் வந்தது, 1974 இல் அதன் மேல் மாவட்டக் கோட்டா வந்தது. விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றவர்களில் தமிழர் பங்கு 1970 இல் ஏறத்தாழ 35 வீதம், 1975 இல் ஏறத்தாழ 19 வீதம். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை இதைத் தன் வாழ்க்கையில் அடித்த அடியாகத்தான் சொல்லும். அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு நியாயமும் இருக்கு.

ஆனால் இந்த மூன்று வருசத்தையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் மட்டக்களப்பில் இருந்து வேற காட்சி தெரியும்.

1971 கோட்டை எடுங்கள். அது மொழியை மட்டும் பார்த்தது. கொழும்பில் ஆய்வுகூடமும் நூலகமும் நல்ல ஆசிரியரும் உள்ள ஒரு பாடசாலையில் சிங்கள மொழிமூலம் படித்த பெடியனுக்குப் பொறியியலுக்கு 227 போதும். படுவான்கரையில் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் தமிழ் மொழிமூலம் படித்த பெடியனுக்கு 250 வேணும். பின்தங்கிய இடத்துக்கு உதவி என்று யாராவது அந்தக் கோட்டை நியாயப்படுத்தினால் இந்த ஒரு உதாரணமே போதும், நியாயம் உடைந்துவிடும். மொழியால் அளந்தபோது யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் பழுகாமத்துப் பிள்ளையும் ஒன்று. இருவரும் "தமிழ் மொழிமூலம்". இருவருக்கும் ஒரே தண்டனை. அதில் பழுகாமத்துப் பிள்ளைக்கு விழுந்தது பழைய சுமைக்கு மேல் இன்னொரு சுமை.

1974 கோட்டா வேற மாதிரி அளந்தது. சனத்தொகையின்படி மாவட்டத்துக்கு இத்தனை இடம். இதில் கொழும்பும் யாழ்ப்பாணமும் இழந்தன. கண்டிய சிங்களக் கிராமங்கள் பெற்றன, முஸ்லிம்கள் பெற்றார்கள், கிழக்குத் தமிழரும் பெற்றார்கள். மட்டக்களப்பு என்ற பெயருக்கு எதிரே சில இடங்கள் எழுதப்பட்டன, அந்த இடங்களுக்கு மட்டக்களப்பார்தான் போகமுடியும். அரசாங்கம் எங்கள் மேல் உள்ள பாசத்தில் செய்தது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கோட்டா யாரைக் குறைப்பதற்காக வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனால் ஒரு விதியின் நோக்கம் ஒன்றாகவும் விளைவு இன்னொன்றாகவும் இருக்கலாம். எங்கட பக்கத்தில் அந்த வருசங்களில் வைத்தியரானவர்களும் பொறியியலாளரானவர்களும் அந்த விளைவின் பிள்ளைகள்.

இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். "அப்ப தரப்படுத்தல் சரியென்கிறியா?" என்று பீடத்து கன்டீனில் என்னைக் கேட்டும் இருக்கிறார்கள். இல்லை. மொழியை வைத்துப் போட்ட கோடு அநீதி. இடத்தை வைத்துப் போட்ட கோடு குறைகள் உள்ள ஒரு நியாயம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே மூட்டையில் கட்டும்போது, தமிழரின் துயரம் என்றால் அது யாழ்ப்பாணத்துத் துயரம் மட்டும்தான் என்று ஆகிப்போகிறது. இந்தப் பக்கத்து அனுபவத்துக்கு அங்கே நிற்க இடமில்லை.

பிறகு விகிதங்கள் மாறிக்கொண்டே போயின. 1976 இல் 70 வீதம் திறமை, 30 வீதம் மாவட்டம். 1977 இல் ஆட்சி மாறியது. 1978 இன் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தோடு மானியங்கள் ஆணைக்குழு வந்தது, மொழிவாரித் தரப்படுத்தல் போனது. 1979 இல் 30 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அது பின்னால் 40, 55, 5 என்று ஆனது. கல்வியில் பின்தங்கியவை என்று சொல்லப்படுகிற 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. யாழ்ப்பாணமும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கு. எழுபதுகளில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். யுத்தம் என்ன செய்தது என்பதை விளக்க எனக்கு இதைவிடச் சுருக்கமான தகவல் தெரியாது.

மாவட்டக் கோட்டாவில் குறைகள் உண்டென்று சொன்னேன். பெரிய குறை, மாவட்டத்துக்குள்ளேயே கரைகள் இருக்கு என்பதை அது காணாது. கோட்டாவின் கண்ணுக்கு மட்டக்களப்பு ஒரே துண்டு. நகரத்துப் பழைய கல்லூரியில் படித்து, பின்னேரம் மூன்று டியூசனுக்குப் போகிற பிள்ளையும், வெல்லாவெளிக்கு அங்கால யானை வருகிற ஊரில் இருந்து வருகிற பிள்ளையும் ஒரே நிரையில் நிற்கும். மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கு. பட்டிருப்பு வலயம் ஒன்றையே எடுத்தாலும் அதற்குள் எழுவான்கரையும் இருக்கு, படுவான்கரையும் இருக்கு. விஞ்ஞானப் பிரிவு படிக்கவேணுமென்றால் எங்கட பக்கத்துப் பிள்ளைகள் பலர் பாலம் தாண்டித்தான் போகிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு இரசாயனவியல் இல்லை. மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல். அதுவரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைக்கு நகரத்து டியூசன் என்பது பாதையில் ஏறி வாவியைக் கடக்கிற பயணம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் இன்னும் அப்படித்தான்.

யுத்த காலத்தில் இந்தப் பிளவு இன்னும் ஆழமாயிற்று. வாவியின் ஒரு கரை ஒருவர் கையில், மறு கரை இன்னொருவர் கையில், நடுவில் சோதனைச் சாவடி. 2007 மார்ச்சில் படுவான்கரையில் இருந்து பல்லாயிரம் பேர் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். அந்த வருசமும் உயர்தரம் நடந்தது. அந்தப் பரீட்சைக்கும் ஒரு மட்டக்களப்பு வெட்டுப்புள்ளி வந்தது. கூடாரத்தில் இருந்து எழுதிய பிள்ளைக்கும் அதே எண், பரீட்சைக்கு முதல் நாள் சொந்த மேசையில் இருந்து படித்த பிள்ளைக்கும் அதே எண்.

எங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்ததும் இந்தக் காத்திருப்பின் கதையில் ஒரு பகுதி. 1981 ஓகஸ்ட் 1 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. எங்கே தெரியுமா? கன்னங்கரா காலத்து அந்த வந்தாறுமூலைப் பாடசாலை வளவில்தான். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. முதலில் விஞ்ஞானமும் விவசாயமும், கலைப்பீடம் பிறகு வந்தது. அந்த வளாகம் வேறொரு காத்திருப்பையும் கண்டது. 1990 இல் சனம் அங்கே அகதியாகப் போய்த் தங்கியது. செப்டம்பர் 5 இல் அவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. யாரும் திரும்பவில்லை. புதுமுக மாணவர் அறிமுக நிகழ்வில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். மூத்த அண்ணாமார்தான் சொன்னார்கள், எந்தப் பக்கத்தில் தங்கியிருந்தார்கள் என்று கையைக் காட்டி.

இனி இசட் புள்ளி. 2000 இல் உயர்தரம் நாலு பாடத்தில் இருந்து மூன்று பாடமாகக் குறைந்தது. கூட்டுப்புள்ளியை வைத்து ஒப்பிடுவதில் ஒரு பழைய சிக்கலும் இருந்தது: ஒரு பாடம் கஷ்டம், இன்னொன்று இலேசு. இந்து நாகரிகத்தில் எடுத்த 70 உம் பொருளியலில் எடுத்த 70 உம் ஒன்றா? பேராதனையின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறை 2001 இல் நடைமுறைக்கு வந்தது. உங்கட புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் நாடளாவிய இடையைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பது. இடை 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். 70 எடுத்த பிள்ளையின் இசட் புள்ளி 2. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் நீங்கள் யார் என்று நாலு தசமதானத்தில் வந்துவிடும்.

கணிதமாகப் பார்த்தால் நல்ல முறைதான். இதிலே மொழி இல்லை, எந்தப் பரீட்சகர் அள்ளிப் போட்டார் என்ற சண்டை இல்லை. ஆனால் ஒன்று போனது. 250 என்றால் எங்கட அப்பப்பாவுக்கும் விளங்கும், கேட்டுச் சண்டை பிடிக்கலாம். 1.4 என்றால் என்ன? வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கே சரியாகத் தெரியாது. கப்பல் காலத்து முகமில்லாத பரீட்சகர் இப்போது ஒரு சூத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறார்.

அந்தச் சூத்திரமும் ஒருமுறை பிழைத்தது. 2011 ஓகஸ்டில் உயர்தரத்தை இரண்டு கூட்டம் எழுதியது. முதல் தரம் எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம், திரும்ப எழுதியவர்களுக்குப் பழைய பாடத்திட்டம். கேள்வித்தாளே வேறு. ஆனால் இசட் புள்ளியைக் கணக்கிட்டபோது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். இடை என்பது யாருடைய இடை? இரண்டு வகுப்பின் உயரத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, இரண்டு வகுப்புக்கும் அதே கதவை வைத்த மாதிரி. டிசம்பர் 25 இல் பெறுபேறு வந்தது. மாவட்ட நிலைகளில் குழப்பம், திருத்தம், மறுபடி குழப்பம். ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மாணவர்களும் பெற்றோரும் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டு கூட்டத்தையும் தனித்தனிச் சனத்தொகையாக எடுத்து மீண்டும் கணக்கிடச் சொன்னது.

அந்தப் பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதமாக ஒரு எண்ணை மனப்பாடம் செய்து, அதை வைத்து அழுது, அதை வைத்துச் சந்தோசப்பட்டு, கடைசியில் அந்த எண்ணே செல்லாது. அது தீர்ந்ததும் ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரைக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம். தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கை. கோரிக்கை நியாயமானது, காத்திருப்பு நீண்டது. 2011 இல் எழுதியவர்களில் பலர் வளாகத்துக்குள் கால்வைக்க 2013 ஆகிவிட்டது. 1971 க்கும் 2011 க்கும் இடையில் 40 வருசம், நடந்தது ஒரே வகைச் சம்பவம்: எழுதி முடித்த பிறகு அளவு மாறுவது. வித்தியாசம், இரண்டாம் முறை நீதிமன்றத்தில் கேட்க வழி இருந்தது, கேட்டவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள். 71 இல் காத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு வாசல் கிடைத்திருந்தால் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

என்ட வகுப்பின் கதை இதோடு ஒப்பிட்டால் சின்னது, ஆனாலும் சொல்லவேணும். 2022 உயர்தரத்தை நாங்கள் எழுதியது 2023 ஜனவரியில். அதற்கு முதல் வருசம் முழுக்க மின்வெட்டு, எரிபொருள் வரிசை. டியூசன் வாத்தியாருக்குப் பெற்றோல் இல்லை, எங்களுக்கு பஸ் இல்லை. பிறகு வரி உயர்வை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தும் வேலையைத் தள்ளி வைத்தார்கள். பெறுபேறு வந்தது செப்டம்பர் 4 இல். அடுத்த உயர்தரம் 2024 ஜனவரி 4 இல் தொடங்கியது, சரியாக நாலு மாதம். செகண்ட் ஷை எடுப்பதா விடுவதா என்று அந்த நாலு மாதத்துக்குள் முடிவெடுத்து, படித்தும் முடிக்கவேணும். என்னோடு படித்த ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே இருப்போம் என்று நம்பிப் புத்தகத்தை மூடினாள். இன்னொருத்தி சற்றுக் கீழே இருப்போம் என்று பயந்து இரவிரவாகப் படித்தாள். இரண்டு பேரின் கணிப்பும் பிழைத்தது. அந்த வருசம் இரண்டரை இலட்சத்துக்கு மேல் எழுதி, ஒன்றரை இலட்சத்துக்கு மேல் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருந்தது நாற்பதாயிரம் சொச்சம் பேருக்கு. "தகுதி" என்று பெறுபேற்றுத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு ஒரு இலட்சம் பேரை வாசலில் நிறுத்தி வைப்பதற்கு வேறொரு சொல்லைக் கண்டுபிடிக்கலாம்.

உள்ளே வந்தபிறகு காத்திருப்பு முடியும் என்றும் இல்லை. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். பஸ்ஸில் போகும்போது பார்த்த ஞாபகம் இருக்கு. அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் தங்கட வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்தவர்கள்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது ஒரு இடைவெளி எனக்குத் தெரிந்தது. தரப்படுத்தல் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். விகிதங்களும் அட்டவணைகளும் அறிஞர்களின் விவாதங்களும் இருக்கு. ஆனால் 1974, 75, 76 இல் மட்டக்களப்பு மாவட்டக் கோட்டாவில் தெரிவாகிப் பேராதனைக்கும் கொழும்புக்கும் கட்டுபெத்தைக்கும் போனவர்களின் வாய்மொழி எங்கட கையில் இல்லை. கடிதம் எப்படி வந்தது, தபால்காரர் வாவியைக் கடந்து கொண்டுவந்தாரா, அங்கே போனபோது "கோட்டாவில் வந்தது" என்று யாராவது சொன்னார்களா, யாழ்ப்பாணத்து நண்பர்களோடு ஒரே அறையில் இருந்தபோது இந்தப் பேச்சு எப்படி வந்தது, இவற்றையெல்லாம் நான் கேட்கவேணும். அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்குக் கிட்டவோ மேலோ இருக்கும். 1971 கோட்டில் விழுந்து திரும்பி வட்டைக்குப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களையும் கேட்கவேணும். அந்தக் கதை இன்னும் குறைவாகத்தான் சொல்லப்பட்டிருக்கு. பெரியபோரதீவு, பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கங்களில் உங்கட வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து கதையுங்கள். போனில் பதிவு செய்து வையுங்கள். நான் என்ட பக்கத்தில் இரண்டு பேரிடம் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் 1975 இல் தனக்கு வந்த அனுமதிக் கடிதத்தை இன்னும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருக்கிறார்.